காலியாகப் போகும் பெட்டிகள்

1

எங்கள் ஊர்ப்பக்கம் ரோப் கார் என்றாலே பழனிதான். அதுவும் சாமி கும்பிடப் போகிறவர்களுக்கு, முட்டி வலிக்காரர்களுக்கு. இராயபுரத்து வேதக்காரக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்த அனுபவம்கூட வாய்க்கவில்லை. நீ பிரான்சுக்குப் போய், துலூஸ் என்று ஓர் ஊரில், கம்பியில் தொங்கிக்கொண்டு தினமும் வேலைக்குப் போவாய் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால், போய் வேறு ஆளிடம் கதை விடு என்றிருப்பேன்.

நான் வேலை செய்வது ஓர் ஆஸ்பத்திரியின் சமையற்கூடத்தில். யாருக்கு உப்பு ஆகாது, யாருக்குச் சர்க்கரை ஆகாது என்று பார்த்துப் பார்த்துத் தட்டு அடுக்குகிற வேலை. ஆஸ்பத்திரி இருப்பது ஒரு குன்றின் மேல். குன்றுக்குக் கீழே ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. சமையற்கூடத்துப் புகைபோக்கி எங்கள் தெருவிலிருந்தே தெரியும். ஆனால் அங்கே போய்ச் சேர இரண்டு பஸ் மாறி, பாலம் தேடி, குன்றைச் சுற்றி, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதைதான் ரொம்ப நாளைக்கு.

பிறகு ஆற்றுக்கு மேலேயும் குன்றுக்கு மேலேயும் கம்பி இழுத்தார்கள். பெரிய பெரிய பெட்டிகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மெட்ரோவுக்கு வாங்குகிற டிக்கெட்டே இதற்கும் செல்லும். சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வருகிறார்கள், சக்கர நாற்காலியில் வருகிறார்கள், நர்சுகள் கண்ணை மூடித் தூங்குகிறார்கள், காலேஜ் பிள்ளைகள் போனை விட்டுத் தலை தூக்குவதில்லை. சன்னலோரம் நின்று வாயைப் பிளந்துகொண்டு வேடிக்கை பார்ப்பது நான் ஒருத்திதான். முதல் வாரம் கையில் ஜெபமாலை இருந்தது. இப்போது அதே கையில் காலைச் சாப்பாடு இருக்கிறது. மனுஷிக்கு எல்லாம் பழகிவிடுகிறது.

என்னுடன் தட்டு அடுக்குகிற நோரா கொலம்பியாக்காரி. மெடெயின் என்கிற அவளுடைய ஊரில் மலைச்சரிவில் குடிசைகள் அடுக்கடுக்காக இருக்குமாம். பஸ் ஏற முடியாத அந்தச் சரிவுக்கு ரோப் கார் விட்ட பிறகுதான் அவளுடைய அம்மா கீழே நகரத்துக்கு வீட்டு வேலைக்குப் போக முடிந்ததாம். சுற்றுலாக்காரர்களும் பனிச்சறுக்குக்காரர்களும் விளையாடுவதற்கு ஏறினது பழைய கதை, எங்கள் ஊரில் இது ஏழைகளின் பஸ் என்பாள். காலையில் அங்கே வரிசை தெருமுனைவரை நிற்குமாம். எங்கள் ஊரிலும் கூட்டம் நின்றிருக்கும், வரிசை மட்டும் இருந்திருக்காது என்று நான் சொன்னேன்.

போன மாதம் நைனாவின் நினைவுப் பூசை வந்தது. நைனா என்றால் எங்கள் அப்பா. அந்த வாரம் என் தம்பி சகாயம் இங்கே வந்திருந்தான். அவனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

சகாயம் சென்னைக்கு வடக்கே எர்ணாவூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். எர்ணாவூரிலிருந்து டோல்கேட்டைத் தாண்டி, பழைய வண்ணாரப்பேட்டைப் பெரிய ஆஸ்பத்திரி வரை. நாங்கள் பிறந்தது இராயபுரம் மாதா கோயிலுக்குப் பக்கத்துச் சந்து. நைனா ஹார்பரில் கலாசி. கப்பலிலிருந்து இறக்குகிற சரக்குக்குக் கம்பிக் கயிறு கட்டிக் கொக்கி மாட்டுகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு, வாடகை குறைவு என்று மகனோடு எர்ணாவூர் போய்விட்டார்.

இந்த ரோப் கார் வந்த நாளிலிருந்து தம்பிக்கு இதே பேச்சு. அவன் மத்தியானம் வண்டியை ஓரம்கட்டிச் சாப்பிடும்போது எனக்கு இங்கே வேலைக்குப் போகிற நேரம். வீடியோவில் பெட்டியைக் காட்டச் சொல்வான். கேள்வி கேட்டுத் துளைத்துவிடுவான். டிரைவர் எங்கே உட்காருவார்? கரண்ட் போனால் என்ன ஆகும்? புயல் காற்றில் ஆடாதா? மீன் கூடையோடு ஏற விடுவார்களா? டிரைவர் கிடையாது என்றதும் அவனுக்குத் தாங்கவில்லை. அப்போ யாரைத் திட்டுவார்கள் என்று கேட்டான்.

ஆனால் அவன் கேட்ட முதல் கேள்வி வேறு. "யக்கா, பொட்டி ரொம்புற வரிக்கும் நிக்குமா?"

நிற்காது, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய்க்கொண்டே இருக்கும் என்றேன்.

"காலியாவா போவுது?"

ஆமாம் என்றேன்.  அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஆட்டோக்காரனுக்குக் காலி சீட்டு என்றால் வயிறு எரியத்தானே செய்யும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

உண்மையில் காலி சீட்டுதான் அவனுடைய பிரச்சினையே. ஷேர் ஆட்டோவுக்கு ஒரு சட்டம் உண்டு. ஸ்டாண்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும். முன்னால் நிற்கிற வண்டி நிரம்பினால்தான் கிளம்பும், பிறகுதான் அடுத்த வண்டி ஆள் ஏற்றும். ஒரு சீட்டு குறைந்தாலும் டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டி "டோல்கேட், டோல்கேட்" என்று கூவிக்கொண்டு நிற்பார். உள்ளே இருப்பவர்கள் வெந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நைனா இறந்த பிறகு சகாயம் மட்டும் இந்தச் சட்டத்தை மீறினான். எப்போதும் ஒரு சீட்டைக் காலியாக விட்டுவிட்டு எடுத்துவிடுவான். "காலி சீட்டு சகாயம்" என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. ஏன்டா என்று கேட்டால், ஒரு சீட்டு உட்டா உள்ள காத்து வரும்யக்கா என்பான்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்டாண்டில் புகைச்சல். சகாயம் கிளம்பிட்டான், நீ இன்னும் இன்னாத்துக்கு நிக்கிற என்று பயணிகள் மற்ற டிரைவர்களைக் கேட்க ஆரம்பித்தார்கள். கடைசியில் சங்கத்துக்காரர்கள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். நிரப்பி எடு, இல்லையென்றால் இந்த ஸ்டாண்டில் நிற்காதே. அந்த ஸ்டாண்டை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை. மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு இருக்கிற சவாரியே அரை வயிற்றுக்குத்தான்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவன் மனைவி ஸ்டெல்லா. சொல்லும்போதே அழுதாள். "வூட்ல பேசவே மாட்டறாரு அண்ணி. மாமா படத்தாண்ட கூட போவ மாட்டறாரு. ரெண்டு வாரமாச்சும் அங்க கூட்டினு போங்க. உங்க கிட்டயாச்சும் வாய தொறக்கறாரானு பாப்போம்."

என் மகள் மெலனிக்கு உறுதிபூசுதல் வந்தது, வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோயிலில் செய்கிற சடங்கு. தாய்மாமன் வரவேண்டும் என்று அதைச் சாக்காக வைத்து அழைத்தேன்.

3

அழைத்தேன் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். இங்கே விருந்தாளி வருவதற்கு முனிசிபல் ஆபீசில் சான்றிதழ் வாங்க வேண்டும். வீடு எத்தனை சதுர மீட்டர், விருந்தாளி எந்த அறையில் தூங்குவார், கட்டில் உண்டா என்று அங்கே இருந்த அம்மாள் கேட்டார். இராயபுரத்தில் ஒரே அறையில் நாங்கள் அத்தனை பேரும் படுத்தோம், மேலே பரணில் மாமாவும் படுத்திருந்தார் என்று சொல்ல வாய்வரை வந்தது. என் கணவர் சேவியர் காலை மிதித்தார். அவர் பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிறந்தவர், ஆபீசுக்குள் எப்படி உட்கார வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

தொழில் என்ற இடத்தில் மாட்டிக்கொண்டோம். என் பிரெஞ்சில் ஷேர் ஆட்டோவை விளக்கினேன். மூன்று சக்கரம், பலர் சேர்ந்து போவார்கள் என்றேன். யார் யாரோடு சேர்ந்து என்று அந்த அம்மாள் கேட்டார். எல்லோரும் எல்லோரோடும் என்றேன். கூட வந்திருந்த மெலனி கையால் முகத்தை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும், அம்மா, நீ பேசினது ஏதோ கூட்டுக்குடும்பம் மாதிரி இருந்தது என்றாள். தப்பொன்றும் இல்லையே, டோல்கேட் போய்ச் சேருவதற்குள் கல்யாணப் பேச்சே முடிந்துவிடுகிற வண்டி அது.

அங்கே சென்னையில் விசாவுக்குப் போனபோது, திரும்பி வருவதற்கு என்ன காரணம் இருக்கிறது என்று சகாயத்தைக் கேட்டார்களாம். பெண்டாட்டி, பிள்ளை, வீடு என்று எல்லோரும் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தோம். இவன், "ஸ்டாண்டுல என் டர்ன் பூடும் சார்" என்றிருக்கிறான். விசா எப்படிக் கிடைத்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

4

வந்து இறங்கியதும் தூங்கு என்றால் கேட்டானா? பொட்டிய காட்டு என்றான்.

மெலனியும் கூட வந்தாள். அவளுடைய தமிழ் பாண்டிச்சேரியும் பிரெஞ்சும் கலந்த தமிழ், அதுவும் நான் கேட்டால் மட்டும் வருகிற தமிழ். மாமா "இன்னா" என்று ஆரம்பித்தாலே சிரிப்பாள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. சினிமாவில் எங்கள் பேச்சை வைத்துச் சிரித்தவர்கள் போதாதா, பெற்ற பிள்ளையும் சிரிக்க வேண்டுமா? ஆனால் இவள் கேலியாகச் சிரிக்கவில்லை. மாமா பேசுகிற தமிழ் வேகமாகப் போகிறது, அம்மா தமிழ் எப்போதும் என்னைத் திட்டுகிறது என்றாள். 

பெட்டி ஏறியதும் சகாயம் முதலில் மேலே பார்த்தான். கம்பியை எண்ணினான். கலாசி மகன் அல்லவா. இரண்டு கம்பி தாங்குது, ஒண்ணு இழுக்குது என்று எனக்கே விளக்கினான். இத்தனை நாள் போய்வருகிற எனக்கு இது தெரியாது. ஆற்றுக்கு நடுவில் எதிர்ப்பக்கத்துப் பெட்டி வந்தபோது, ரோட்டில் எதிரே வருகிற ஆட்டோக்காரனுக்குக் காட்டுவது போலக் கையை உயர்த்தினான். அதில் டிரைவர் கிடையாது என்று சொன்னேனே. ஒருத்தருமே கிடையாது. "பழக்கம்யக்கா" என்று கையைக் கீழே போட்டான்.

அன்று ராத்திரிச் சாப்பாடு முழுவதும் இதே ஆராய்ச்சி. எர்ணாவூரிலிருந்து டோல்கேட்டுக்குக் கம்பி இழுத்தால் என்ன? குன்று இல்லை, ஆனால் குன்று குன்றாகக் கன்டெய்னர் இருக்கிறது என்றான். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் அந்தச் சாலையில் ஈ எறும்பு நகராது. அதற்கு மேலே, சரக்கு ரயில் கேட்டுக்கு மேலே, பெட்டி அது பாட்டுக்குப் போகும். சேவியர் கணக்குப் பார்க்கிற மனிதர். ஒரு ரயில் ஏற்றுகிற ஜனத்தை இது ஏற்றாது, புயல் எச்சரிக்கை வந்தால் நிறுத்த வேண்டும், எண்ணூர் உப்புக்காற்றில் இரும்பு என்ன கதி ஆகும் என்றார். அதெல்லாம் சரி மாமா என்று சகாயம் ஒப்புக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அது நிக்காது, இல்ல?" என்றான்.

உன் ஆட்டோ பிழைப்பு போய்விடுமே என்று கேட்டேன். போனால் போகிறது என்றான். அப்படிச் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது.

5

நைனாவின் நினைவு நாள் அன்று காலையில் பூசைக்குப் போனோம். இந்த ஊர்ச் சாமியார் "செபஸ்தியான்" என்கிற பெயரைத் தன் இஷ்டத்துக்கு வாசித்தார். நைனா கேட்டிருந்தால், யாரோ கப்பல்காரனுக்குப் பூசை வைக்கிறீங்களா என்றிருப்பார். பூசை முடிந்து, மத்தியானத்துக்கு மேல் குன்றின் அந்தப் பக்கம் போய் வரலாம் என்று நான், மெலனி, சகாயம் மூவரும் ரோப் கார் நிலையத்துக்கு வந்தோம்.

கூட்டம் இல்லாத நேரம். பெட்டி வந்தது, கதவு திறந்தது, யாரும் ஏறவில்லை, கதவு மூடிப் போனது. அடுத்தது வந்தது. வாடா என்றேன். சகாயம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். இன்னொன்று காலியாகப் போனது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. 

"மெலனி," என்றான். "அந்தம்மாவாண்ட கேளு. ஏன் காலியா அனுப்புறாங்கோ? ரெண்டு ஆளு சேந்தப்புறம் அனுப்பினா இன்னா?"

நிலையத்தில் சீருடை போட்ட ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மெலனி கூச்சப்பட்டுக்கொண்டே போய்க் கேட்டாள். அந்தப் பெண் சிரித்தாள், பிறகு விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டிப் பேசினாள். மெலனி திரும்பி வந்து, வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"மாமா, எல்லாம் ஒரே கயிறாம். சுத்திச் சுத்தி வருதாம். இங்க ஒண்ண நிறுத்தினா அங்கயும் நின்னுடும். அந்தப் பக்கம் யாராவது காத்துட்டு இருப்பாங்க இல்ல? அவங்களுக்காகத்தான் இது காலியாப் போகுது."

சகாயம் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு பேசினான். நைனா போன பிறகு இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

வண்டியில் போகும்போது நெஞ்சு வலி வந்து இறந்துவிட்டார், அவ்வளவுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். முப்பதாம் நாள் பூசைக்குத்தான் என்னால் போய்ச் சேர முடிந்தது. அன்றைக்கு நடந்தது என்னவென்றால், நைனா காலையில் ஸ்டாண்டுக்கு வந்து தம்பிக்குப் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சை ஏதோ பிடிக்கிறது, கேஸ் போல இருக்கு, போகிற வழிதானே, பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கிவிடு என்றிருக்கிறார். பின்னால் எல்லாச் சீட்டும் நிரம்பிவிட்டது, ஒன்றைத் தவிர. சகாயம் கிளம்பவா என்று கேட்டிருக்கிறான். நைனாதான், அவசரம் இல்லடா, ஒரு ஆளு வரட்டும், சட்டத்த ஏன் மீறுற என்றாராம். வேலைசெய்த காலத்தில் கப்பல் காலியாகத் திரும்பினாலே வருத்தப்படுகிற மனிதர் அவர். காத்திருந்தார்கள். மீன்கார அம்மா ஒருத்தி கூடையோடு ஓடி வந்தாள், ஏற்றிக்கொண்டு எடுத்தான். மெட்ரோ தூணுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த காலம். அவன் கண் முன்னாலேயே கன்டெய்னர் லாரிகள் பக்கத்துச் சாலையிலிருந்து வந்து வழியை அடைத்துக்கொண்டன. முன்னால் போன வண்டி தப்பித்துவிட்டது. ஒரு ஆளுக்காக நின்ற இவன் வண்டி மாட்டிக்கொண்டது.

"டோல்கேட்டாண்ட வரும்போது என் தோள்ல சாஞ்சாரு," என்றான். "தூங்குறாருனு நெனச்சேன்யக்கா. முழிச்சிக்கப் போறாருனு தோள கூட அசைக்காம ஓட்டிகினு வந்தேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த நிலையத்தில், நாலு பேர் பார்க்க, அழுதேன். அந்தக் காலி சீட்டைக் காற்றுக்காக என்று நம்பிக்கொண்டிருந்தேனே, அந்த ஆத்திரமும் சேர்ந்து வந்தது. உன் தப்பு இல்லடா என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ஒரு வார்த்தையால் என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

மெலனி இடையில் நின்றாள். பாதிதான் புரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவள் கேட்டாள், "தாத்தாதான் வெயிட் பண்ணச் சொன்னாரா, மாமா?"

"ஆமா கண்ணு. அவருதான் சொன்னாரு."

"அப்போ தாத்தாவுக்கும் தெரியலை," என்றாள்.

சகாயம் அவளையே பார்த்தான்.  அடுத்த பெட்டி வந்து கதவு திறந்தது. அவன் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். நான் பின்னாலேயே ஓடினேன். அத்தனை பெரிய பெட்டியில் நாங்கள் மூன்று பேர்தான். மற்ற சீட்டெல்லாம் காலி. யாருக்காகவும் நிற்காமல் அது ஆற்றுக்கு மேல் போனது.

நடுவழியில் எதிரே ஒரு பெட்டி வந்தது. அதில் ஒரு கிழவர் மட்டும் இருந்தார். சகாயம் கையை உயர்த்தினான். அவரும் உயர்த்தினார்.

6

அவன் ஊருக்குப் போய்விட்டான். போன கையோடு ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். பிறகு ஸ்டாண்டில், சங்கத்துக்காரர்களை உட்காரவைத்து, காலிப் பெட்டியைப் பற்றி மெலனி சொன்னது உட்பட அவர்களிடமும் சொல்லியிருக்கிறான்.  கடைசியில் சங்கத் தலைவர்தான் ஒரு வழி சொல்லியிருக்கிறார். மற்ற நேரம் எல்லோரும் நிரப்பித்தான் எடுக்க வேண்டும், சகாயமும்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி யார் ஏறினாலும், யாருடைய டர்னாக இருந்தாலும், அந்த வண்டி அப்படியே கிளம்பிவிட வேண்டும். சகாயம் ஒத்துக்கொண்டானாம். நைனா படத்துக்கு இப்போது அவனே மாலை போடுகிறான் என்று ஸ்டெல்லா சொன்னாள். அவள் குரலே மாறியிருந்தது.

எர்ணாவூருக்கு ரோப் கார் வருமா? எனக்குத் தெரியாது. வந்தால் நல்லதுதான், வராமலே போகலாம். சேவியர் சொல்கிற உப்புக்காற்றும் உண்மை, நோரா சொல்கிற வரிசையும் உண்மை.

நேற்று வேலைக்குப் போகும்போது பெட்டியில் நின்றுகொண்டே தம்பி அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். பேசவில்லை அவன், ஸ்டாண்டுச் சத்தத்தை மட்டும் பிடித்து அனுப்பியிருந்தான். லாரி ஹாரன், யாரோ இருமுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போறாங்கோ, எடு எடு என்று ஒரு குரல். ரெண்டு சீட்டு காலியா கீதே, நானும் டோல்கேட்தான், மெதுவா வரேன் இருப்பா என்று தூரத்திலிருந்து ஓர் அம்மாள் கத்துகிறாள். அதற்குப் பதில் சொன்ன குரல் என் தம்பியுடையது இல்லை. எனக்குத் தெரியாத வேறு ஏதோ டிரைவர்.

"நீ அடுத்த வண்டில வாம்மா. இது போவட்டும். அந்தாண்ட ஆளு காத்துகினு கீறாங்கோ."